கிளாக்கர் ஐயாவுக்கு நான் கொடுக்க மறுத்த மாத்திரை

என் நஸீராவுக்கு,

நீ போயிருக்கும் இடத்தில் நோய் வருத்தம் என்பதே கிடையாது என்கிறார்கள். அப்படியானால் அங்கே பாமசியும் இருக்காது. நாள் முழுக்க என்ன செய்துகொண்டிருக்கிறாய்? யாரிடம் வாய் கொடுக்கிறாய்?

ஹட்டன் டவுனில் உன் வீட்டுக்காரர் இர்ஷாத் நானாவின் மருந்துக் கடை அப்படியேதான் இருக்கிறது. அவர் கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பெருமூச்சு விடுகிறார். நான் மருந்து கொடுக்கிறேன். நீயும் நானும் தோள் இடிக்க நின்று மருந்து கட்டிய கவுண்டரில் இப்போது நான் மட்டும் தாராளமாகக் கை வீசி நிற்கிறேன். அந்தத் தாராளம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

போன சிவனொளிபாத மலை சீசனில் நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். நோயாளியின் விஷயத்தை வெளியில் பேசலாமா என்று நீ கண்ணை உருட்டுவாய், தெரியும். ஆனால் இந்த விஷயம் ஏற்கெனவே ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் உரத்த குரலில் அறிவிக்கப்பட்டுவிட்டது. அறிவித்தவள் நான்தான். தவிர, சம்பந்தப்பட்டவரே அனுமதி கொடுத்திருக்கிறார். "எழுதுங்க மிஸ். பேரை மட்டும் போட்றாதீங்க. கிளாக்கர் ஐயான்னு போட்டா போதும்" என்றார். அப்படிப் போட்டாலே பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். கொஞ்சம் பெருமைதான் போலிருக்கிறது.

அவரை உனக்கு நினைவிருக்கும். நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஒபிஸில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வெயிலோ மழையோ, கோட்டும் குடையும் இல்லாமல் டவுனுக்கு வரமாட்டார். ஃபெக்டரி இரைச்சலுக்குப் பக்கத்திலேயே ஒபிஸ் இருந்ததால் இடது காது மந்தம். ஒவ்வொரு வருடமும் அவர்களுடைய தோட்டத்திலிருந்து சிவனொளிபாத மலைக்குப் போகும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

கடை மேல்மாடிக்கு ஒரு புது டொக்டர் வந்திருக்கிறார். நீ பார்த்ததில்லை. கண்டிக்காரர், சின்ன வயது, நல்ல மனுசன். மலை ஏறுவதில் பைத்தியம். அறைக்குள் போனால் சுவரில் பனிமலைப் படம். நேபாளத்தில் ஏறினாராம். வாசலில் எப்போதும் ஒரு சோடி மலையேற்றச் சப்பாத்து, சேறு காயாமல் கிடக்கும். அவர் மருந்தெழுதும் துண்டுகள் எல்லாம் நம் கடைக்குத்தான் இறங்கி வரும். இர்ஷாத் நானாவின் பெருமூச்சு கொஞ்சம் குறைந்ததற்கு அவர்தான் காரணம்.

தோட்டத்துச் சம்பள வாரம். கடை நிறைய ஆட்கள். கிளாக்கர் ஐயா மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து, துண்டைக் கவுண்டரில் வைத்து, விரலால் நீவிவிட்டு, "மலை ஏற மூச்சுக்கு எழுதியிருக்காரு" என்றார்.

வாசித்தேன். என் காது சுட்டது. நஸீரா, அது அந்த நீல மாத்திரை. சில்டெனஃபில். கல்யாண வீட்டுக்கு முதல் நாள் மாப்பிள்ளைகள் தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து கேட்பார்களே, நீ இருமல் மருந்துக்கு விலை சொல்லும் அதே குரலில் "நெஞ்சுவலி கிஞ்சுவலி இருக்கா, தம்பி? எத்தனை வேணும்?" என்று கேட்பாயே, அதேதான். அப்படி வருகிறவர்களை எல்லாம் உன் பக்கம் தள்ளிவிட்டு நான் பின்னால் போய் அட்டைப் பெட்டி அடுக்குவேன். இப்போது தள்ளிவிட ஆள் இல்லை.

வெட்கத்தை விடு. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஐயாவின் மனைவி பாக்கியம் அம்மா கொஞ்ச நாளைக்கு முன்தான் நம் கடைக்கு வந்து, ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது என்று, நெஞ்சுவலிக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற மாத்திரை வாங்கிப் போயிருந்தார். "ஐயாவுக்குத்தான்" என்று சொல்லித்தான் வாங்கினார். அந்த மாத்திரையும் இந்த நீல மாத்திரையும் ஒரே உடம்புக்குள் சந்திக்கக் கூடாது. சந்தித்தால் பிரஷர் மளமளவென்று இறங்கி, ஆளே போய்விடலாம். அதுவும் ஒரு மலையின் நடுப்படியில் என்றால் கேட்கவே வேண்டாம்.

நீ என்ன செய்திருப்பாய்? எனக்குத் தெரியும். எனக்கு அந்த வாய் இல்லை. நான் செய்தது இதுதான்: "ஐயா, இது கடையில இல்லீங்க" என்றேன்.

கல்லாவிலிருந்து இர்ஷாத் நானாவின் குரல் வந்தது. "இல்லாம என்னா? போன கிழமைதானே வந்திச்சு." நான் கண்ணைக் காட்டினேன். அவருக்குக் கண்ணாடி போட்டாலே பாதிதான் தெரியும். எழுந்து வந்து, துண்டைப் பார்த்து, அலமாரியின் மேல் தட்டிலிருந்து பெட்டியை எடுத்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி கவுண்டரின் நடுவில் வைத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த முகத்தோடு திரும்பிப் போனார்.

வரிசையில் நின்ற ஒரு த்ரீவீலர்க்காரர் பெட்டியைப் பார்த்தார். பிறகு ஐயாவைப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு கூரையைப் பார்த்தார்.

"இருக்குங்க. ஆனா குடுக்க முடியாது" என்றேன்.

ஐயா குடையைக் கவுண்டரில் சாய்த்து வைத்தார். அவருக்குச் சண்டை தொடங்குகிறது என்பதற்கு அது அடையாளம். "டொக்டர் எழுதியிருக்காரு. மருந்து இருக்கு. காசு என் கையில இருக்கு. எந்தச் சட்டத்துல நீங்க முடியாதுங்கிறீங்க?"

கேட்டுவிட்டாரே தவிர, பதிலை அவர் என்னிடம் எதிர்பார்க்கவில்லை. கடையே பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. டொக்டர் எழுதிவிட்டால் கடைக்காரர் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார் கொழுந்துச் சாக்கோடு நின்ற ஒருவர். காசோடு வருகிற ஆளை பஸ் கொண்டக்டர் ஏற்றமாட்டேன் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். குடித்துவிட்டு வருகிறவனை ஏற்றுவதில்லையே என்றாள் அவருக்குப் பின்னால் நின்ற அம்மா. ஐயா குடிக்கிற ஆளா என்று ஒருவர் கோபப்பட்டார். அந்த அம்மா உதாரணத்துக்குச் சொன்னதாகச் சொன்னாள். மருந்துக்கடை மிஸ் நாலு வருடம் படித்தது மாத்திரை எண்ணுவதற்கா என்று எனக்காக ஒருவர் பேசினார். அவர் எனக்காகத்தான் பேசினாரா, என்னைக் கேலி செய்தாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஐயாவை எடை பார்க்கும் மெஷின் இருக்கிற மூலைக்கு அழைத்துப் போனேன். அவசரத்தில் அவருடைய இடது பக்கம் நின்றுவிட்டேன். மெதுவாகச் சொன்னேன்: "ஐயா, இது வீட்டு விஷயத்துக்குக் குடுக்கிற மாத்திரைங்க."

"வீட்டுல என்னா விஷயம்? தகரம்தான் ஒழுகுது" என்றார் ஐயா, கடை முழுக்கக் கேட்கும்படி.

"அப்படி இல்லீங்க. குடும்ப விஷயம்."

"என் குடும்பத்துல என்ன கொறையக் கண்டீங்க?"

கடைசியில் த்ரீவீலர்க்காரர்தான் என்மேல் இரக்கப்பட்டு வந்து, ஐயாவின் நல்ல காதில் நாலே வார்த்தை சொன்னார். என்ன வார்த்தைகள் என்று எனக்குத் தெரியாது. ஐயா துண்டை எடுத்து நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். கடைக்கு உள்ளேயே குடையை விரித்தார். விரித்த குடையோடு கதவில் இடித்து, சரித்து, வெளியே போனார்.

கடையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஆளின் துண்டைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தைச் சமாளிக்கிற பதற்றத்தில் முக்கியமானதைச் சொல்லவே இல்லை. அந்த மாத்திரை எதற்கு என்பதுதான் அவருக்குத் தெரியும். நெஞ்சுவலி மாத்திரையோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது தெரியாது. துண்டு அவர் பையில். பஸ் ஸ்டாண்ட் பக்கம் இன்னொரு பாமசி இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்குப் பாக்கியம் அம்மாவையும் தெரியாது, ஐயா நாக்குக்குக் கீழே மாத்திரை வைப்பதும் தெரியாது. அவர்கள் கொடுப்பார்கள். நான் அவர்களின் இடத்தில் இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மாடிக்கு ஓடினேன். டொக்டரிடம் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதுமே அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு மருந்துக்கு அனுமதி ஒரு நோய்க்கு இருக்கலாம், அனுபவத்தில் அது வேறொன்றுக்கும் உதவலாம், அப்படி எழுதுவது தப்பே கிடையாது, உலகம் முழுக்க எழுதுகிறார்கள், குழந்தைகளுக்குக் கொடுக்கிற மருந்துகளில் எத்தனையோ அப்படித்தான் என்றார். நேபாளத்தில் உயரத்தில் மூச்சு முட்டுகிறவர்களுக்கு இதே மாத்திரை கொடுப்பதைத் தன் கண்ணால் பார்த்தாராம். அவர் சொன்னதில் பிழை இல்லை. "மிஸ் விஜயா, நான் எழுதினதை நிறுத்துற உரிமையை உங்களுக்கு யார் தந்தது?" என்று கேட்டார்.

"டொக்டர், அவர் நெஞ்சுவலி மாத்திரை பாவிக்கிறாரு" என்றேன்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் கேட்டேனே. வேற மருந்து ஒண்ணும் குடிக்கிறதில்லன்னு சொன்னாரே." அப்போது அவருடைய குரல் டொக்டர் குரலாக இல்லை. யாரோ ஒரு வீட்டுப் பையனின் குரலாக இருந்தது. அடுத்த நொடி சப்பாத்தைத் தேடினார்.

இரண்டு பேரும் ஹட்டன் மெயின் ரோட்டில் ஓடினோம். அந்த ஏற்ற இறக்கத்தில் அவர் ஆடு மாதிரி தாவுகிறார். நான் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மூச்சு வாங்குவதற்கு ஒரு மாத்திரை இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டே ஓடுகிறேன். இரண்டு பேரும் ஏதோ திருடிக்கொண்டு ஓடுவதாக நினைத்து மரக்கறிக் கடைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

பஸ் ஸ்டாண்ட் பாமசியில் கேட்டோம். குடையோடு ஒரு பெரியவர் வந்தார், மாத்திரை வாங்கினார், இப்போதுதான் போனார் என்றார்கள். நோர்வூட் பஸ் புகையை விட்டுவிட்டுப் போயிருந்தது.

ஐயாவிடம் ஃபோன் கிடையாது. பாக்கியம் அம்மாவின் நம்பர் என்னிடம் இருந்தது. எடுத்தார். ஆனால் தோட்டத்துப் பக்கம் சிக்னல் எப்படி என்று உனக்குத் தெரியுமே. நான் ஒன்று சொன்னால் அவருக்கு அதில் பாதிதான் போகிறது.

"அம்மா, ஐயா ஒரு மாத்திரை கொண்டாருவாரு. குடிக்க விடாதீங்க."

"என்னா மாத்திரை?"

"நீல மாத்திரை."

"எதுக்குள்ள மாத்திரைன்னு கேக்குறேன்."

நான் டொக்டரைப் பார்த்தேன். டொக்டர் மஸ்கெலியா பஸ்ஸின் பெயர்ப் பலகையை வாசிக்கத் தொடங்கினார். படித்தவர், மலை ஏறியவர், அவருக்கும் வெட்கம் வருகிறது பார். ஃபோனில் பாக்கியம் அம்மா "ஹலோ, ஹலோ" என்கிறார். எனக்கு உன் ஞாபகம் வந்தது, நஸீரா. நீ இருந்திருந்தால் இவ்வளவு நேரம் எடுத்திருக்கமாட்டாய். கண்ணை மூடிக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"அம்மா, அது ஆம்பளைங்களுக்குப் படுக்கையில வீரியம் வர்றதுக்குக் குடுக்கிற மாத்திரைம்மா. நெஞ்சுவலி மாத்திரையோட சேந்தா உசுருக்கு ஆபத்து."

கண்ணைத் திறந்தபோது வடை விற்கிறவர் வடையை எடுத்த கையோடு நின்றார். ஒரு பிக்கு மிக நாகரிகமாக முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியும் என்று அப்போது புரிந்தது. சிக்னல் போய்விட்டதோ என்று ஃபோனைப் பார்த்தேன். பிறகு பாக்கியம் அம்மா நிதானமாகக் கேட்டார்.

"இந்த வயசுலயா? யாருக்கு?"

மலை ஏறத்தானாம் என்று விளக்குவதற்குள் லைன் அறுந்துவிட்டது.

அப்படியே விட முடியாது. டொக்டர் ஒரு த்ரீவீலரை மறித்தார். யாருடைய த்ரீவீலர் என்று நினைக்கிறாய்? நம் கடையில் நின்றவருடையதேதான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலேயே நேராக ஐயாவின் வீட்டுக்கு விட்டார். வழியில் பஸ்ஸையும் முந்தினோம். ஜன்னலோரம் கோட்டும் குடையும் போவதைப் பார்த்து டொக்டர் கை காட்டினார். ஐயா பார்க்காத மாதிரி முன்னால் பார்த்தார்.

நாங்கள் போனபோது பாக்கியம் அம்மா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார். கொஞ்ச நேரத்தில் ஐயா ரோட்டிலிருந்து ஏறி வந்தார். பாதி வழியில் ஒரு முறை நின்று, செடியைப் பார்ப்பது போலப் பாசாங்கு செய்து மூச்சு வாங்கினார். நான் டொக்டரைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயா பையிலிருந்து மாத்திரையை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. மலைக்குப் போகிற அன்றைக்குத்தான் குடிக்கச் சொல்லியிருந்ததாம். அதற்கு இன்னும் நாளிருந்தது. நாங்கள் ஓடிய ஓட்டம், நான் கத்திய கத்தல், எதற்குமே அவசரம் இருக்கவில்லை, நஸீரா. அதைக் கேட்டதும் டொக்டர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்காக எங்கிட்ட மறைச்சீங்க?" என்று அவர் கேட்டபோது ஐயா கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினார். போன வருடம் ஏறும்போது நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். அவருடைய சம்பந்தி, மகனுடைய மாமனார், அவரைவிட வயதில் கூடியவர், கையைப் பிடித்து எழுப்பிவிட்டாராம். இரண்டு பையன்கள் தாங்கிக் கீழே கூட்டி வந்திருக்கிறார்கள். கூட்டத்தை மேலே கொண்டுபோனது சம்பந்தி.

"வியாதின்னு சொன்னா நீங்க போகாதேன்னுதானே சொல்லுவீங்க" என்றார். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் டொக்டர். இந்த ஒரு வாட்டி ஏறி எறங்கிட்டா போதும்."

பாக்கியம் அம்மா அதுவரை பிடித்திருந்த கோபத்தை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே தேத்தண்ணி போடப் போனார். உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தத்துக்கு நடுவில் மூக்குறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

டொக்டர் அந்தப் படியிலேயே உட்கார்ந்து ஐயாவின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். கண்டி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். "ரெண்டு பேருமாச் சேந்து என்னை மலை ஏற விடாமப் பண்ணிட்டீங்க" என்றார் ஐயா.

கண்டியில் பார்த்தபோது இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு. குழாய் போட்டுச் சரி செய்தார்கள். சீசன் முடிவதற்குள் நடமாடத் தொடங்கிவிட்டார். ஏறக் கூடாது என்பதால் மலையடிவாரத்து நல்லதண்ணியில், படி தொடங்குகிற இடத்தில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டாராம். யார் யார் கம்பளி கொண்டுவந்தார்கள், யார் வெறும் செருப்போடு வந்தார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் மேலே விட்டாராம். செருப்போடு வந்த சம்பந்தியைத் திருப்பி அனுப்பிச் சப்பாத்து வாங்க வைத்தாராம். ஏறி இறங்கிய எல்லாரையும்விட அவருக்குத்தான் அன்றைக்குத் தொண்டை கட்டியதாம்.

இனி டொக்டர் விஷயம். மறுநாள் அவர் கடைக்கு இறங்கி வந்து, என்னைத் திட்டுவார் என்று இர்ஷாத் நானா பெருமூச்சுக்குத் தயாராக இருக்கும்போது, நான் மறுத்தது சரிதான் என்றார். ஆனால் நோயாளியிடம் சொல்வதற்கு முன் தனக்கு ஒரு ஃபோன் அடித்திருந்தால் ஐயா விரித்த குடையோடு போயிருக்க வேண்டியதில்லையே என்றும் சொன்னார். உண்மைதான். மாடிக்கும் கீழுக்கும் நடுவில் ஃபோன் இருந்தது. அந்த வார்த்தையை ஃபோனில் சொல்ல வெட்கப்பட்டுத்தான் எடுக்கவில்லை. கடைசியில் அதே வார்த்தையைப் பஸ் ஸ்டாண்டில் சொன்னேன்.

வழக்கத்துக்கு மாறாக ஏதாவது எழுதினால் இனிக் காரணத்தையும் பக்கத்தில் எழுதுவதாக ஒத்துக்கொண்டார். எனக்குச் சந்தேகம் வந்தால் கேட்கும்வரை நிறுத்தி வைக்கலாம். அவ்வளவுதான் எங்கள் சட்டம். இர்ஷாத் நானா இதை ஒரு போர்டில் எழுதிக் கடை வாசலில் மாட்டலாம் என்றார். "காரணமின்றி மருந்து வழங்கப்படமாட்டாது" என்று எழுதிக்கூடக் காட்டினார். ஆட்கள் பயந்து பஸ் ஸ்டாண்ட் பாமசிக்குப் போய்விடுவார்கள் என்றேன். போர்டு இப்போது பின்னால், அட்டைப் பெட்டிகளுக்கு மேல் இருக்கிறது.

அதிகாரம் கைக்கு வந்ததும் எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தத்துக்குக் கொடுக்கிற மாத்திரை எழுதியிருந்தது. மாதவிலக்குச் சீராக வராத பிள்ளைகளுக்கும் அதைக் கொடுப்பார்கள், எனக்குத் தெரியாத விஷயமா? ஆனாலும் டொக்டர் காரணம் எழுத மறந்திருந்தார். நிறுத்தினேன். நிறுத்தியதோடு விடாமல் "பிள்ளைக்குச் சீனி இருக்கா?" என்றும் கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றவர் அந்தப் பிள்ளைக்கு நிச்சயித்த மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தமாம். மாலைக்குள் கல்யாணமே ஆட்டம் கண்டுவிட்டது. டொக்டரும் நானும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், பிள்ளைக்குச் சீனி கிடையாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி, அவர்கள் தந்த பயற்றம் பலகாரத்தையும் சாப்பிட்டுவிட்டு வந்தோம். இப்போது கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்திருக்கிறது. முன்வரிசையில் உட்கார வேண்டுமாம்.

இதில் எது சரி, நஸீரா? ஐயாவுக்கு மறுத்ததும் நான்தான், அந்தப் பிள்ளைக்கு மறுத்ததும் நான்தான். இரண்டிலும் என் மனசில் இருந்தது ஒரே பயம். கோடு எங்கே இருக்கிறது என்று கையில் துண்டோடு நிற்கும்போது எப்படித் தெரிகிறது?

உன் கடைசி மாதங்களில் நரம்பு வலிக்கு உனக்கு ஒரு மாத்திரை எழுதினார்களே, வலிப்பு நோய்க்கு உள்ளது. கண்டியில் ஒரு பாமசியில் அதைத் தர மாட்டேன் என்றார்கள். நோயாளிக்கு வலிப்பு இல்லையே, எதற்கு எழுதினார்கள் என்று கேட்டு, டொக்டரைப் பிடித்துப் பேசும்வரை என்னை நிற்க வைத்தார்கள். நான் அந்தப் பையனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னபோது நீ வலியோடு படுத்துக்கொண்டு சிரித்தாய். "கேட்டான்ல, அது போதும். கேக்காம குடுக்கிறவன்ட்டத்தான் எனக்குப் பயம்" என்றாய். அவன் கேட்டதால் உனக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வலித்தது. அப்போதும் நீ அவன் பக்கம்தான் பேசினாய். எனக்கு அன்றைக்கு உன்மேலும் கோபம் வந்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

மாத்திரை வந்த பிறகு நீ நன்றாகத் தூங்கினாய். அனுமதி இல்லாத வேலைக்கு வந்த மாத்திரைதான் உனக்குத் தூக்கம் கொடுத்தது. அதற்காக அதை எழுதியவருக்கும் நன்றி சொல்கிறேன், கொடுக்கத் தயங்கியவனுக்கும் நன்றி சொல்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி முடிகிறது என்று என்னைக் கேட்காதே.

நேற்று ஒரு பையன் வந்தான். தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு கவுண்டரின் ஓரத்தில் நின்று அந்த நீல மாத்திரையைக் கேட்டான். நான் பின்னால் போகவில்லை. வேறு ஏதாவது வருத்தம் இருக்கிறதா, நெஞ்சுவலி உண்டா, வேறு மருந்து குடிக்கிறாயா என்று இருமல் மருந்துக் குரலில் கேட்டேன். இல்லை என்றான். முதலில் டொக்டரைப் பார்த்துத் துண்டு வாங்கி வரச் சொன்னேன். பையன் மாடிப்படி ஏறினான். கல்லாவிலிருந்து இர்ஷாத் நானா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெருமூச்சு விடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அவ மாதிரியே கேக்குற" என்றார்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். என் கவுண்டருக்கு வருகிற யாரையும் காரணம் சொல்லாமல் வெறும் கையோடு அனுப்ப மாட்டேன். அந்தக் காரணம் எவ்வளவு வெட்கமானதாக இருந்தாலும் அவர் காதில், நல்ல காது எது என்று முதலில் பார்த்துக்கொண்டு, முழுதாகச் சொல்வேன். தப்பாக மறுத்திருந்தால் படி ஏறிப் போய் மன்னிப்பும் கேட்பேன். பலகாரம் தந்தால் சாப்பிட்டுவிட்டும் வருவேன்.

உனக்கு மூன்று மாதம் மூத்தவளாகப் பிறந்தும், கடைசிவரை உன்னிடம் திட்டு வாங்குகிற தங்கச்சியாகவே இருந்துவிட்ட,
விஜயா